இடது கால் அகலமான கால்சட்டை

ஓய்வுபெற்ற அன்று என் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தேன். உதவிக்கு வந்தவள் ஷாலினி. எங்கள் ஆஞ்சியோ அறையில் எனக்குப் பிறகு பொறுப்பேற்கும் தாதி. பொங்கோலில் வீடு, வாயில் எந்நேரமும் ஒரு கேலி. பழைய காலணி, தைல பாட்டில், யாரோ எப்போதோ கொடுத்த கோப்பைகள் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டவள், அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு ஆண்பிள்ளைக் கால்சட்டை.

"அக்கா, வாட் இஸ் திஸ் லா?"

பக்கத்தில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷாலினி அதை இடுப்பளவில் பிடித்து உயர்த்திக் காட்டினாள். "கண்டிப்பா உங்க வீட்டு அண்ணனோடது இல்ல. அண்ணனுக்கு இதுல ஒரு கால்தான் நுழையும்." அப்புறம் அவளே உற்றுப் பார்த்தாள். "ஏய், இது என்ன, ஒரு கால் ஒல்லி, ஒரு கால் குண்டு? எந்தக் கடையில வாங்குனீங்க?"

"அது ஒரு நோயாளியோடது. கொடு இங்க."

"நோயாளியோட கால்சட்டையை லாக்கர்ல வெச்சிருந்தீங்களா? எச்.ஆர்ல சொல்லிடவா?"

பிடுங்கிப் பையில் போட்டேன். அவள் விடவில்லை. பிரிவுபசாரத்துக்கு வெட்டிய கேக்கைச் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சொல்ல முடியலைன்னா எழுதுங்கக்கா. இனிமேதான் உங்களுக்கு வேலை இல்லையே" என்றாள். அதில் ஒரு குத்தல் இருந்தது. நியாயமும் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

தாதிப் பயிற்சி எடுத்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் வலித்தது, பசித்தது, எல்லாரிடமும் திட்டு வாங்கினேன். பிறகு நானே திட்டப் பழகிக்கொண்டேன். அதில் மட்டும் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வார்கள். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஆஞ்சியோ அறையில் உட்கார்ந்தேன். உடம்பைக் கிழிக்காமல், ஊசி போட்ட ஒரு துளை வழியாக இரத்தக் குழாய்க்குள் நுழைந்து வேலை பார்க்கும் அறை அது. எக்ஸ்ரே ஓடிக்கொண்டே இருப்பதால் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இன்று என் முதுகு படுத்தும் பாடு முழுக்க அந்தக் கவசத்தின் உபயம்.

ஸ்டென்ட் என்றாலே எல்லாருக்கும் இதயம்தான் ஞாபகம் வரும். என் சொந்தக்காரர்கள் பலருக்கு நான் இன்றுவரை 'ஹார்ட் நர்ஸ்'. நாங்கள் அதிகம் பார்த்தது கால். காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்துவிட்டால் மருந்து கொடுப்பார்கள். பலருக்கு அதோடு சரியாகிவிடும். சிலருக்குக் கட்டி போனாலும் அது இருந்த இடம் தழும்பாகி, குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும். மேலே போக வழியில்லாத இரத்தம் காலிலேயே தேங்கும். கால் வீங்கும், கனக்கும், தோல் கறுக்கும், கணுக்காலுக்கு மேல் புண் வந்து வருஷக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். அந்த அடைப்பைக் கம்பியால் துளைத்து, பலூனால் விரித்து, மறுபடி சுருங்காமல் இருக்க வலைபோன்ற ஒரு குழாயை உள்ளே விட்டுவிட்டு வருவதுதான் எங்கள் வேலை.

எங்கள் என்றால் டாக்டர் சியாவும் நாங்களும்.

டாக்டர் சியா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். 'ப்ளீஸ்' என்று ஒரு தடவை சொன்னால் எரிச்சல். 'ப்ளீஸ்' இரண்டு தடவை வந்தால் ஏதோ தப்பு செய்திருக்கிறோம். 'தேங்க்யூ வெரி மச்' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. புதிதாக வருபவர்கள், டாக்டர் எவ்வளவு தன்மையானவர் என்று பூரித்துப்போவார்கள். நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எல்லாம் தயாராகி, ஸ்டென்டை விரிப்பதற்கு முன்னால் கையை எடுத்துவிட்டுத் தலையைத் தூக்குவார். "எனிதிங்? எனிபடி?" என்று கேட்பார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அர்த்தம். மயக்க மருந்து டாக்டரில் தொடங்கி, மூலையில் வாளியோடு நிற்கும் துப்புரவுக்கார ஆண்டிவரை ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். நான் அங்கே சேர்ந்து பல வருஷம் ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. என்ன சொல்ல? கை வலிக்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்றா? தொழுகையில் ஆமீன் சொல்வதுபோல எல்லாரும் ஒரே குரலில் "நோ, டாக்டர்" என்போம். அவர் தொடர்வார்.

காதர் நானா எங்களிடம் வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்போம், அவர் எனக்குச் சொந்தமில்லை. தேக்கா சந்தை மாடியில் தையல் கடை வைத்திருப்பவர். பல வருஷத்துக்கு முன் முழங்கால் உடைந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது இடது காலில் இரத்தம் உறைந்திருக்கிறது. மருந்து சாப்பிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அதிலிருந்து கால் வீங்க ஆரம்பித்தது. மனுஷர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கால்சட்டையின் இடது காலை அகலமாக வெட்டித் தைத்துக்கொண்டார். வீக்கம் கூடக் கூட ஒவ்வொரு கால்சட்டையிலும் இடது கால் அரை அங்குலம் அகன்றது. மடிப்பு வைக்கிற சாமர்த்தியத்தில் வெளியே யாருக்கும் தெரியவில்லை, பெண்டாட்டி உட்பட. கணுக்காலில் புண் வந்து நாற்றம் எடுத்த பிறகுதான் வீட்டில் பிடிபட்டார்.

டாக்டர் சியா முதல் நாளே டேப்பை எடுத்துக் கெண்டைக்காலை அளந்தார். இடதுக்கும் வலதுக்கும் ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். காதர் நானா கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. டாக்டர் டேப்பை இறுக்கிப் பிடிக்கிறாரு. ஒரு விரல் உள்ள விட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. அப்பதான் அளவு மாறாம வரும்."

மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். டாக்டர் "ப்ளீஸ்" என்றார். சொல்லிவிட்டேன். டேப்பை நானாவிடமே நீட்டினார். நானா தன் காலைத் தானே மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் ஒரே அளவு. அடுத்த தடவை வரும்போது டாக்டருக்கென்று மஞ்சள் நிறத்தில் ஒரு நல்ல டேப் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வார்டில் சுற்றுவார். அவரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கலாமா என்று நோயாளி ஒருத்தி என்னைக் கேட்டிருக்கிறாள்.

முதல் சிகிச்சை நன்றாக நடந்தது. அரை மயக்கத்தில்தான் வைத்திருந்தோம். தொடையில் சிறு துளை போட்டுக் கம்பியை மேலே அனுப்பினோம். இடுப்பெலும்புக்குள் இடது குழாய் மேலே ஏறும் இடத்தில் வலது கால் தமனி அதன்மேல் ஏறிப் படுத்திருக்கும். பல பேருக்கு இடது காலில் கோளாறு வருவதற்கு அந்த அழுத்தமும் ஒரு காரணம். நானாவுக்கு அங்கே சுத்தமாக அடைப்பு. சாயம் செலுத்திப் பார்த்தால் நேர் வழியே தெரியவில்லை. சிராங்கூன் ரோட்டை ஊர்வலத்துக்கு மூடினால் வண்டிகள் எல்லாம் சந்து பொந்துகளில் நுழைந்து முட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி இரத்தம் ஏதேதோ சின்னக் குழாய்களில் சுற்றிச் சுற்றிப் போனது. கம்பி அந்தத் தழும்பைத் தாண்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. டாக்டர் கம்பியைத் திருகுவார், அரை மில்லிமீட்டர் போகும், நிற்கும். பின்னால் இழுப்பார். மறுபடி திருகுவார்.

தாண்டிய பிறகு, குழாய்க்குள்ளேயே போய்ப் படம் எடுக்கும் மெல்லிய அல்ட்ராசவுண்ட் கம்பியை அனுப்பி அகலத்தை அளந்தோம். ஸ்டென்டின் அளவை டாக்டர் என்னிடம் சொல்லும்போது, மேசையிலிருந்து குளறலாக ஒரு குரல். "கொஞ்சம் தளர்வா விடச் சொல்லுங்க சிஸ்டர். அளந்த அளவுக்கே வெட்டுனா நிக்காது."

அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "ஏற்கனவே அப்படித்தான் எடுத்திருக்கேன்னு சொல்லு. ஆனா அவர் சொல்றது சரி."

"எனிதிங்? எனிபடி?"

"நோ, டாக்டர்."

ஸ்டென்ட் விரிந்தது. அடுத்து சாயம் செலுத்தியபோது ஒரே கோடாக விர்ரென்று மேலே ஏறிப் போனது. சந்து பொந்துகள் எல்லாம் திரையிலிருந்து மறைந்துவிட்டன. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஒரு நிமிஷம் எனக்கு அலுத்ததே இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து பற்றி விளக்குவது என் வேலை. தமிழ் பேசும் நோயாளி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டென்ட் உள்ளே இருக்கிறது, அது இரத்தத்துக்குப் புதிது, உறையாமல் இருக்க மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், முதல் சில மாதங்கள் ரொம்ப முக்கியம் என்று சொன்னேன். காலை, இரவு என்று இரண்டு வரிசை உள்ள மாத்திரைப் பெட்டி கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால் கார்டில் நீல மையால் தமிழில் எழுதினேன்: 'காலை சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.' என் கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார். அது உண்மைதான்.

நாலு வாரத்தில் வீக்கம் வற்றியது. புண் ஓரங்களில் காய ஆரம்பித்தது. பரிசோதனைக்கு வந்தவர் உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். புதுக் கால்சட்டை, இரண்டு காலும் ஒரே அளவு.

"பதினாலு வருஷத்துக்கு அப்புறம் தச்சது டாக்டர். பேட்டர்ன் கட்டிங் மறந்தே போச்சு."

கிளம்பும்போது என்னிடம் கேட்டார். "நோன்பு வருதே சிஸ்டர். வைக்கலாமா?"

"டாக்டர் வைக்கலாம்னுட்டார் நானா. நோன்பு திறந்த பிறகு தண்ணி நிறையக் குடிங்க. ஒரே இடத்துல உக்காந்துக்கிட்டே இருக்காதீங்க, எழுந்து எழுந்து நடங்க."

"மாத்திரை?"

"கார்டுல இருக்கிறபடியே. ஒண்ணும் மாத்தாதீங்க."

"ஒண்ணும் மாத்த வேணாம்?"

"ஒண்ணும் மாத்த வேணாம்."

இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

நோன்பு தொடங்கிப் பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, பெருநாளுக்கு என் மகளின் பாஜு கூரோங் என்ற மலாய் உடுப்பைத் தைக்கக் கொடுத்திருந்ததை வாங்க அவர் கடைக்குப் போனேன். கடை முழுக்கத் துணி. பெருநாள் வேலை தலைக்கு மேல் கிடந்தது. நானா மிஷினை விட்டு எழுந்து ரசீதைத் தேடப் போனார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் கால்சட்டை. இடது கால் அகலம். பழையதை எடுத்து மாட்டியிருந்தார்.

"நானா, காலைக் காட்டுங்க."

"ஒண்ணும் இல்ல சிஸ்டர், பழசு கையில கிடைச்சுது..."

"காட்டுங்க."

மூன்று வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கென்ன? குனிந்து நானே துணியைத் தூக்கினேன். கால் விண்ணென்று பளபளத்தது. தொட்டால் சூடு. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். நாலு நாள் என்றார். பெருநாள் முடியட்டும், வந்து காட்டலாம் என்றிருந்தாராம். பெருநாளுக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. ஸ்டென்டுக்குள் புதிதாக உறைந்த இரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிடலாம். இரண்டு மூன்று வாரம் விட்டால் அது இறுகித் தழும்பாகி ஸ்டென்டோடு ஒட்டிவிடும், பிறகு அந்தக் காலுக்கு வழியே கிடைக்காமல் போகலாம்.

டாக்டர் சியாவுக்குப் போன் போட்டுக்கொண்டே அவரிடம் கேட்டேன். "சஹர்ல மாத்திரை போட்டீங்கள்ல? விடியக்காலையில, நோன்பு வைக்க எழுந்தப்ப?"

அவர் என்னைப் பார்த்தார். மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த கார்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"விட்டுப்போச்சு சிஸ்டர்" என்றார்.

அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. டாக்டர் உடனே கூட்டிவரச் சொன்னார். கால் இறுக்கமாக இருக்கிறது, கைலிக்கு மாறிக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்று நானா திரைக்குப் பின்னால் போனார். மிஷின் கடகடவென்று கொஞ்ச நேரம் ஓடியது. "கால் இந்த லட்சணத்துல இருக்கு, இப்ப என்ன தையல்?" என்று வெளியிலிருந்தே கத்தினேன். டாக்சியில் ஏறினோம். மருத்துவமனை வாசல்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். கடுகளவு மாத்திரையா அது, மறப்பதற்கு? பெட்டி கொடுத்தேனே, கார்டு எழுதினேனே, இரண்டு தடவை சொன்னேனே, அளவு எடுத்தால் மறக்கிறீர்களா, பித்தான் தைக்க மறக்கிறீர்களா? டாக்சிக்காரர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். பாவம், அவரும் நோன்பு, ரேடியோவை நிறுத்திவிட்டார். நானாவின் மடியில் பிளாஸ்டிக் பையில் அந்தக் கால்சட்டை.

டாக்டர் சியா வந்து பார்த்தார். மருந்து கார்டு எங்கே என்று கேட்டார். வரும் வழியில் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது என்று நானா சொன்னார். அதற்கும் ஒரு திட்டுத் திட்டினேன்.

அரை மணி நேரத்தில் அவர் மனைவி வீட்டிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "மறந்துட்டேன்னு சொல்றாராம். இவர் எதையும் மறக்கிற ஆளில்லை சிஸ்டர். நீங்களே பாருங்க" என்று நீட்டினார். திறந்தேன். இரவு வரிசையில் முந்தின நாள்வரை எல்லாக் கட்டமும் காலி. காலை வரிசை முழுக்க நிறைந்திருந்தது. ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. மறக்கிறவன் இப்படி மறக்க மாட்டான். அங்கொன்று இங்கொன்று விட்டுப்போகும்.

"சஹருக்கு என்ன சாப்பிடுவார்?" என்று கேட்டேன்.

"சாப்பிடவே மாட்டார் சிஸ்டர். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். ஒரு பேரீச்சம்பழம், ஒரு கிளாஸ் தண்ணி. அதோட சரி."

எங்கள் வீட்டில் சஹர் என்றால் சுடச்சுடச் சோறு, மீன் ஆணம், முட்டை. நோன்பு மாதத்தில் காலைச் சாப்பாடு அதுதான் என்பது எனக்கு அவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்ததால் அதை வாய்விட்டுச் சொல்லத் தோன்றவே இல்லை. வேறு மதத்துத் தாதியாக இருந்திருந்தால், நோன்பன்று எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. காதர் நானா அரை அங்குலம் பிசகாமல் வேலை செய்யும் மனுஷர். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு பேரீச்சம்பழத்தை அவர் சாப்பாடாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் மாற்றாதீர்கள் என்று நான் வேறு இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். டாக்சியில் திட்டியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பெட்டியை மூடிவிட்டுக் கைகழுவப் போனேன்.

இந்த முறை முழு மயக்கம். படத்தில் ஸ்டென்ட் முழுக்கக் கட்டி. டாக்டர் தடித்த குழாயை உள்ளே விட்டு உறிஞ்ச ஆரம்பித்தார். கறுஞ்சிவப்பில் துண்டு துண்டாக வந்தது. துணியில் எடுத்து நீளமாக அடுக்கி வைத்தேன். பாதி வந்தது. மீதி வரவில்லை. மருந்தைச் செலுத்திக் காத்திருந்தோம். மறுபடி உறிஞ்சினார், மீதியும் வந்தது. ஸ்டென்டின் கீழ் முனையில் குழாய் குறுகி இருந்தது. அங்கே இன்னொரு சிறிய ஸ்டென்ட் வைக்க முடிவு செய்தார். எடுத்துக் கொடுத்தேன். அவர் கையை எடுத்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"எனிதிங்? எனிபடி?"

எல்லாரும் "நோ, டாக்டர்" என்றார்கள். எனக்கு வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"டாக்டர், தப்பு என்னுது." சொல்ல ஆரம்பித்தால் நிற்கவில்லை. கார்டு, சாப்பாடு, பேரீச்சம்பழம், எல்லாம் சொன்னேன். ஆண்டி வாளியைக் கீழே வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு யாரோ பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "நீ சஹர்ல போடச் சொன்னேன்னு நீ இல்லாதப்ப நோயாளி அரைகுறை ஆங்கிலத்துல என்கிட்ட சொன்னார். தான்தான் மறந்துட்டதாச் சொன்னார். நீ சொல்லவே இல்லைங்கிறே. உங்க ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் மரியாதைக்குப் பொய் சொல்றீங்க." மறுபடி எங்களைப் பார்த்தார். "எனிதிங் எல்ஸ்?"

"நோ, டாக்டர்."

ஸ்டென்ட் விரிந்தது. சாயம் நேராக மேலே ஏறியது. கவசத்துக்குள் எனக்கு அழுகை வந்தது. கையில் கையுறை இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

வெளியே வந்ததும், அறிக்கை எழுதச் சொன்னார், எழுதினேன். அதிலிருந்து எங்கள் பிரிவில் கார்டு எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது: காலையில் எழுவதிலிருந்து படுக்கும்வரை உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு, மணி போட்டு எழுத வேண்டும். ஷாலினி, நீ அலுத்துக்கொண்டே கேட்கிறாயே, அந்தக் கேள்வி வந்த கதை இதுதான்.

"அவர்கிட்ட நீயே சொல்லிடு" என்றும் டாக்டர் சொன்னார். அதைத்தான் நான் செய்யவில்லை.

போனேன். நானா கண் விழித்திருந்தார். சுற்றிலும் மனைவி, பிள்ளைகள். என்னைப் பார்த்ததும், "இந்த சிஸ்டர் மட்டும் அன்னைக்குக் கடைக்கு வரலைன்னா என் கால் அவ்வளவுதான்" என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாயைத் திறந்தேன். "தண்ணி குடிங்க நானா" என்று வந்தது. வெட்கமாக இருந்தது. அதை மறைக்க அதட்டலாக, "அந்தக் கால்சட்டையை இங்க கொடுங்க. இனிமே வீக்கத்தை ஒளிச்சுவைக்க இது உங்க கையில இருக்கக் கூடாது" என்று பையைப் பறித்துக்கொண்டேன். அவர் என்னவோ சொல்ல வந்து, பிறகு சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அவருக்கு மயக்கத்திலும் வலியிலும் எல்லாம் குழம்பிவிட்டது, தான் மறந்ததாகவே நினைக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு மாதம் கழித்து டாக்டர், "சொன்னியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன் டாக்டர்" என்றேன். என்னையே பார்த்துவிட்டு, "தேங்க்யூ வெரி மச்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் காதர் நானா கடையிலிருந்து எங்கள் அறைக்கு ஒரு சட்டி பிரியாணி வரும். 'காலைக் காப்பாற்றிய சிஸ்டருக்கு' என்று மூடியில் எழுதியிருக்கும். என்னால் ஒரு வாய்கூட வைக்க முடிந்ததில்லை. வயிறு சரியில்லை என்பேன். அக்கா டயட் என்று இந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே என் பங்கையும் சேர்த்து வழித்துச் சாப்பிடுவார்கள்.

ஓய்வுபெற்ற மறுவாரம் பிடோக்கிலிருந்து பஸ் ஏறி தேக்காவுக்குப் போனேன். மடியில் அந்தப் பை. மாடியேறிக் கடைக்குள் போனதும் உட்காரக்கூட இல்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"நானா, அன்னைக்குத் தப்பு உங்களுது இல்ல. என்னுது. சஹரைப் பத்தி நான் சொல்லவே இல்ல. கார்டுல நான் எழுதுனது தப்பு. அதோட டாக்சியில உங்களை அந்தத் திட்டுத் திட்டுனேன். ஆறு வருஷமா சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் மிஷினை நிறுத்தினார். கையை நீட்டிப் பையை வாங்கினார். கால்சட்டையை உதறி, இடுப்புப் பட்டையைத் திருப்பி, உள்பக்கம் இருந்த சின்னப் பையை விரலால் தடவினார். அதன் வாய் தைத்து மூடியிருந்தது. பிளேடை எடுத்து நாலு தையலைப் பிரித்தார். உள்ளேயிருந்து நாலாக மடித்த ஒரு கார்டை எடுத்து என் கையில் வைத்தார்.

நீல மை. காலை சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

"சஹர்ல போட்டீங்களான்னு நீங்க கேட்டப்பவே புரிஞ்சுபோச்சு சிஸ்டர்" என்றார். "இந்தக் கார்டு டாக்டர் கண்ணுல பட்டா உங்களுக்குப் பிரச்சினை. அழகான கையெழுத்து, கிழிச்சுப் போடவும் மனசு வரல. பையில வெச்சா வீட்டுல அவ துழாவி எடுத்து நேரா டாக்டர்கிட்டயே கொண்டுபோய்க் கொடுத்துடுவா. அதான் ரெண்டு ஓட்டு ஓட்டிட்டு வந்தேன். நீங்க என்னடான்னா அதையே பறிச்சுக்கிட்டுப் போய்ப் பூட்டி வெச்சுக்கிட்டீங்க."

"டாக்சியிலயாவது சொல்லியிருக்கலாமே நானா."

"எங்க சொல்ல விட்டீங்க?"

அழுதேன். ஆறு வருஷம் என் லாக்கரில், என் பூட்டுக்குள், அந்த மனுஷர் எனக்காக ஒளித்துவைத்ததை நானே காவல் காத்திருக்கிறேன். அவர் பார்க்காததுபோல நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "நானும்தான் நாலு நாள் ஒளிச்சேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிரியாணியெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்றார்.

"ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்ல நானா."

மனுஷருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கார்டுக்கு வராத கோபம், திட்டுக்கு வராத கோபம். கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு என்னைக் கீழே கூட்டிப்போனார். இரண்டு காலும் ஒரே அளவுள்ள கால்சட்டையில், படியில் எனக்கு முன்னால் இறங்கினார். எனக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது, பின்தங்கிப் போனேன். இரண்டு தட்டு பிரியாணி வாங்கி, கடைசிப் பருக்கைவரை நான் சாப்பிடுகிறேனா என்று எதிரே உட்கார்ந்து பார்த்தார். சாப்பிட்டேன்.

இப்போது அவருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, காலித் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். இது சாப்பாடுதானே?"

"சாப்பாடுதான் நானா. போடுங்க" என்றேன்.